அண்ணிக்காகக் குளிர வைத்த அறை

தார் டின் தகரத்துக்குக் கீழே படுத்து எழுந்தவர்கள் உங்களில் எத்தனை பேர் இருப்பீர்கள் என்று தெரியவில்லை. என் வயதுக்காரர்களில் கூலிக்காரத் தெருவில் பிறந்தவர்களுக்கு நான் எதுவும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ரோடு போடும்போது தாரைக் காய்ச்சி ஊற்றிவிட்டுக் காலி டின்னை ஓரமாக உருட்டிவிடுவார்கள். அதன் அடியையும் மூடியையும் வெட்டியெடுத்து, உடம்பை நீளவாக்கில் பிளந்து, சம்மட்டியால் அடித்து விரித்தால் ஒரு ஆள் படுக்கிற அளவுக்குத் தகடு கிடைக்கும். அதை மூங்கில் சட்டத்தில் வரிசையாக அடித்தால் கூரை ஆயிற்று. ஒழுகாது, நெருப்புப் பிடிக்காது. சித்திரை மாதத்தில் அதற்குக் கீழே மனிதர் இருக்க முடியுமா என்பதை அடிக்கிறபோது யாரும் யோசிப்பதில்லை.

எங்கள் வீடு கச்சிராயபாளையத்துக்கு வெளியே, கரும்புக் கொல்லைகளை ஒட்டிய தெருவில் இருந்தது. அப்பா நான் கைக்குழந்தையாக இருந்தபோதே போய்விட்டார். அம்மா கரும்பு வெட்டவும் களை எடுக்கவும் போவாள். அண்ணன் எனக்கு ரொம்ப மூத்தவன். கோமுகி அணைக்கு மேலே மலை ரோடு போடுகிற வேலையில் இருந்தான். ஒரு பங்குனியில் அடுத்த வீட்டு அடுப்பிலிருந்து பறந்த பொறியில் எங்கள் கரும்புத் தோகைக் கூரை எரிந்துபோனது. சட்டி பானை தவிர எதுவும் மிஞ்சவில்லை. அண்ணன் ரோட்டு மேஸ்திரியிடம் கேட்டு, காலி டின்களை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினான். தெருவே காதைப் பொத்திக்கொள்ளும்படி நாள் முழுக்க அடித்தான். "இனிமே எவன் வூடு எரிஞ்சாலும் நம்ம வூடு எரியாதும்மா" என்று அவன் சொன்னதும், அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தலையை ஆட்டியதும் எனக்கு நினைவிருக்கிறது.

அதே மலை ரோட்டில்தான் அவன் அண்ணியைப் பார்த்தான். வெள்ளிமலைக்கும் அப்பால் சின்ன ஊர். ரோட்டு வேலைக்காரர்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிய பெண்களில் ஒருத்தி. தாய் இல்லாதவள். அவளுடைய அப்பா ஒரு துண்டு மேட்டு நிலத்தில் சாமை விதைத்துக்கொண்டிருந்தவர். அண்ணன் நேராக அவரிடம் போய்ப் பெண் கேட்டிருக்கிறான். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்: "கீழ்நாட்டு வெயில்ல எம் பொண்ணு தாங்குவாளா மாப்ள?" அண்ணன், "நான் பாத்துக்கிறேங்க" என்றிருக்கிறான். மாப்ள என்று அவர் கூப்பிட்டதிலேயே பதில் இருந்தது என்று பின்னால் சொல்லிச் சிரிப்பான்.

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. சொந்தத்தில் ஒரு பெண்ணை மனதில் வைத்திருந்தாள். தை மாதம் அண்ணி வந்து இறங்கியபோது ஆரத்தி எடுத்தாள், ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். உருண்டை முகம், மேல் உதட்டில் ஒரு மச்சம், கையில் கறுப்பு வளையல். என்னைக் கண்டதும், "பாப்பா, உனுக்கு ஊஞ்சல் ஆடப் புடிக்குமா?" என்று கேட்டாள். எங்கள் தெருவில் அந்தக் கேள்வியை எந்தப் பெரியவரும் என்னிடம் கேட்டதில்லை. அன்றைக்கே தெருமுனைப் புளியமரத்தில் தாம்புக்கயிற்றைக் கட்டினாள். தானும் ஆடினாள். தெருப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

மாசி வரைக்கும் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அவள் அம்மாவோடு கொல்லை வேலைக்குப் போனாள். அவள் மூட்டை தூக்குகிற வேகத்தைப் பார்த்து அம்மாவே ஒருநாள், "வேல செய்றா, இல்லன்னு சொல்லக்கூடாது" என்றாள். பங்குனியில் அவள் முழுகாமல் இருப்பது தெரிந்தது. அதே பங்குனியில் வெயிலும் ஏறியது.

அந்த வெயிலை எப்படிச் சொல்வது? பத்து மணிக்கே தகரம் டப் டப்பென்று வெடிப்பதுபோல் சத்தம் போடும். உச்சி வேளையில் தகட்டில் ஒட்டியிருந்த பழைய தார் இளகும். அதன் நெடி தொண்டையைப் பிடிக்கும். பிறகு சொட்டும். பல்லிகூட அந்த வீட்டில் தங்கவில்லை. நாங்களெல்லாம் பகலில் புளியமரத்தடிக்குப் போய்விடுவோம். அண்ணிக்கு நடக்க முடியவில்லை. நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கியது. உள் அறையில் பாயை விரித்துப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. ஒருநாள் அவள் தூங்கிக்கொண்டிருந்தபோது சூடான தார் ஒரு சொட்டு முழங்கையில் விழுந்து கொப்புளித்துவிட்டது. அலறல் கேட்டு ஓடினோம்.

அம்மா எண்ணெய் தடவிக்கொண்டே சொன்னாள்: "நெழல்ல பொறந்தவள வெயில்ல கொண்டாந்து வச்சா இப்பிடித்தான். தே, எழுந்து மரத்தாண்ட வாயேன். எல்லாரும் வர்ல?"

"முடியில அத்தே. கால் வர மாட்டன்னுது" என்றாள் அண்ணி.

"எனக்கு மட்டும் வருதா?" என்று அம்மா சொன்னாள். கடுமையாகச் சொல்லவில்லை. ஆனால் அன்றுமுதல் தெருவில் ஒரு பேச்சு ஆரம்பித்தது. மலைக்காரி படுக்கையிலேயே கிடக்கிறாளாம், புருஷன் கொடுத்த இடமாம்.

வாரக் கடைசியில் மலையிலிருந்து வந்த அண்ணன் அந்தக் கொப்புளத்தைப் பார்த்தான். வெளியே போய், தான் அடித்த கூரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான். ரோட்டு வேலையை விட்டான். மலையிலிருந்து தினமும் வந்துபோக முடியாது என்று ஊரிலேயே கூலிக்குப் போனான். அந்த அறையைக் குளிர வைக்கிற வேலை அன்று தொடங்கியது.

முதலில் சுண்ணாம்பு. கெட்டியாகக் கரைத்துத் தகரத்தின் மேல் பூசினான். கறுப்புக் கூரை வெள்ளையாக நின்றது பார்க்க வேடிக்கையாக இருந்தது. தார் சொட்டுவது குறைந்தது. ஆனால் வெக்கை போகவில்லை. அடுத்து, வெட்டிய கொல்லையிலிருந்து காய்ந்த கரும்புத் தோகையைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்தான். அதைப் பார்த்ததும் அம்மா வாசலை மறித்துக்கொண்டாள்.

"டேய், மறுபடியும் தோகையா? எரிஞ்சத மறந்து பூட்டியா? எரியாத கூரன்னு நீதான சொன்ன?"

"நனச்சிக்கினே இருப்பம்மா. ஈரத் தோக எப்பிடி எரியும்?"

"குடிக்கவே தண்ணி இல்ல. கூரைக்கு ஊத்தப் போறானாம் தொர."

"அவ வெந்துக்கினு கீறாம்மா" என்றான் அண்ணன். அம்மா வழியை விட்டாள்.

தோகையை முழ உயரத்துக்குப் பரப்பி, மேலே கழி வைத்துக் கட்டினான். மாலையில் வேலை முடிந்து வந்ததும், கொல்லைக் கிணற்றில் மோட்டார்க்காரரிடம் கெஞ்சித் தண்ணீர் சுமந்து, ஏணியில் ஏறி ஊற்றுவான். காலையில் வேலைக்குப் போகுமுன் மறுபடியும் ஊற்றுவான். அடியில் தோகை ஆவி விடுகிற வாசனை, புதிதாக உழுத நிலத்தின் வாசனை போல இருக்கும்.

கள்ளக்குறிச்சியில் ஏதோ ஆபீசுக்கு மனு கொடுக்கப் போனபோது அங்கே ஜன்னலில் வெட்டிவேர்த் தட்டி தொங்கியதையும், ஒருவர் அதில் தண்ணீர் தெளித்ததையும் பார்த்துவிட்டு வந்தான். எங்கள் உள் அறைக்கு ஜன்னலே கிடையாது. மேற்குச் சுவரில் தாழ்வாக ஒரு பொந்து வெட்டினான்; எதிர்ச் சுவரில் உயரத்தில் இன்னொன்று. மண் சுவர் என்பதால் கடப்பாரை இறங்க இறங்கப் புழுதி. அண்ணி மூக்கைப் பொத்தாமல் அந்தப் புழுதியை ஆசையாக மோந்தாள். வெட்டிவேருக்கு எங்கே போவது? கோணியைத் தைத்து மேற்குப் பொந்தில் தொங்கவிட்டான். கோணியின் மேல் விளிம்பில் ஓட்டை போட்ட பானை ஒன்றைக் கட்டினான். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்கிக் கோணியை நனைக்கும். மேலைக்காற்று அதன் வழியாக உள்ளே வரும்போது சில்லென்று இருக்கும்.

அவன் ஒழுங்கும் வைத்திருந்தான். விடியுமுன் கதவு, பொந்து எல்லாம் திறந்திருக்க வேண்டும். வெயில் எதிர்வீட்டுக் கூரையைத் தாண்டியதும் கதவை அடைத்து, கோணியை இறக்கிவிட வேண்டும். அடுப்பு வெளியே போனது. அம்மா முணுமுணுத்துக்கொண்டே வெட்டவெளியில் கல் கூட்டிச் சமைத்தாள். பிறகு ஒருநாள், யாரும் கேட்காமலேயே, தன் பழைய புடவைகளை ஒன்றோடொன்று தைத்து, "இத்த தகரத்துக்குக் கீழ இழுத்துக் கட்டு. அனலு எறங்காது" என்று அண்ணனிடம் நீட்டினாள். எங்கள் வீட்டுக்குப் புடவையிலேயே ஒரு வானம் வந்தது. மஞ்சள், சிவப்பு, சாயம் போன பச்சை. அண்ணியும் நானும் படுத்துக்கொண்டு அதில் பூக்களை எண்ணுவோம். எண்ணிக்கை எப்போதும் தப்பும்.

சித்திரை நடுவில் அந்த அறை குளிர்ந்துவிட்டது. உண்மையிலேயே. வெளியே நாய் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு சாக்கடையில் கிடக்கும். உள்ளே வந்தால் கை ரோமம் சிலிர்க்கும். முன்பு சிரித்த பெண்கள் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். ஒருத்தி வேர்க்குரு வந்த குழந்தையைத் தூக்கி வந்து, "செத்த நேரம் இங்க போட்டுக்கிறேன்" என்பாள். இன்னொருத்தி பல்லாங்குழியோடு வருவாள். பகல் முழுக்க அறையில் ஐந்தாறு குழந்தைகள் தூங்கும். அண்ணி நடுவில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, மெல்லிய குரலில் மலைக் கதைகள் சொல்வாள். கரடி தேனெடுத்த கதை. மாமியார் காட்டில் தொலைத்த மருமகள் கதை. அதைச் சொல்லும்போது அம்மாவைப் பார்த்துக் கண்ணடிப்பாள். "அடிப்பாவி" என்று அம்மா சிரிப்பாள். பல்லியும் எங்கிருந்தோ திரும்பி வந்து சுவரில் ஒட்டிக்கொண்டது. அந்தக் கோடையில் எங்கள் வீட்டைப் போலச் சந்தோஷமான வீடு தெருவில் இல்லை என்று நான் நினைத்தேன்.

பெண்கள் அவளைப் பார்த்துப் பொறாமைகூடப் பட்டார்கள். "நெழல்லயே இருந்து இன்னாமா வெளுத்துட்டா பாரு. உள்ளங்கை வெள்ளக்காரி மாரி கீது." அண்ணி கையை விரித்துத் தானே பார்த்துக்கொள்வாள். பாதம் வீங்கியிருந்தது, "புள்ளத்தாச்சிக்கு அப்பிடித்தான்" என்றார்கள். மூச்சு வாங்கியது, "வெக்க தாங்கல" என்றார்கள். அடுத்த தெருவுக்கு நர்சம்மா ஒருமுறை வந்தபோது, "உங்க மருமக எப்பிடி கீறா?" என்று கேட்டிருக்கிறார். "அவளுக்கு ஒண்ணும் இல்லமா, வெயிலுதான் ஆவல. இப்போ பரவால்ல" என்று அம்மா சொல்லி அனுப்பிவிட்டாள். அம்மா பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினாள். நாங்கள் எல்லோருமே நம்பினோம்.

அவள் மண் தின்றாள். சொட்டும் பானைக்குக் கீழே ஈரமான சுவர்ப் பொருக்கைப் பெயர்த்து வாயில் போட்டுக்கொள்வாள். உடைந்த பானை ஓட்டை நனைத்து மெல்லுவாள். நான் பார்த்துவிட்டால் வாயில் விரல் வைத்து, "சொல்லாத பாப்பா. எங்கூரு வாசன வருது இதுல" என்பாள். அண்ணனுக்கு அது தெரிந்தபோது, அவள் ஊரை நினைத்து ஏங்குகிறாள் என்று எண்ணி, மலையடிவாரம் போய் ஒரு பொட்டலம் செம்மண் கொண்டுவந்து கொடுத்தான். அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பிறகு அதையும் தின்றாள்.

அதைவிட அவளுக்குப் பைத்தியமாக இருந்தது ஐஸ். கலர் சோடாக் கடையில் உடைத்துப்போடும் ஐஸ் கட்டியை உமியில் பொதிந்து, துண்டில் சுற்றி, உருகுமுன் அண்ணன் ஓட்டமும் நடையுமாகக் கொண்டுவருவான். அவள் அதைச் சப்பமாட்டாள். கடக் கடக்கென்று கடிப்பாள். கேட்கிற எனக்குப் பல் கூசும். "இன்னும் கீதா?" என்று துண்டை உதறிப் பார்ப்பாள். உள்ளே அப்படி என்ன எரிகிறது அவளுக்கு என்று அம்மா அங்கலாய்ப்பாள். அண்ணன் மறுநாள் இன்னும் பெரிய துண்டாகக் கொண்டுவருவான்.

இந்த ஐஸ் பைத்தியத்தின் அர்த்தம் எனக்கு எப்போது தெரிந்தது தெரியுமா? என் மகள் முதல் பிள்ளையைச் சுமந்தபோது. சங்கராபுரத்தில் ஒரு நர்ஸ் அவளைச் சோதித்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்டாள்: "மண்ணு, சாம்பலு, பச்சரிசி இப்படி ஏதாவது திங்கத் தோணுதா? ஐஸ் கடிக்கணும்போல இருக்கா?" எதற்கு என்று கேட்டேன். "ரத்தம் ரொம்பக் கம்மியானவங்களுக்கு அப்படி வரும்மா" என்றாள். நான் ஆஸ்பத்திரி பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மகள் பயந்துபோய் என்னம்மா, என்னம்மா என்றாள். என் காதில் கடக் கடக்கென்று சத்தம்.

வைகாசி முடியப்போகும் ஒரு மத்தியானம் மழை வந்தது. முதலில் மேற்கே மலை கறுத்தது. காற்று புழுதியை வாரிக்கொண்டு வந்தது. பிறகு கல்மழைபோல் பெரிய துளிகள். பிள்ளைகளெல்லாம் அறையிலிருந்து கத்திக்கொண்டு வெளியே ஓடினோம். அண்ணன் கொல்லையிலிருந்து நனைந்தபடி ஓடி வந்தான். அன்றைக்குக் கூரைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை என்பதே அவனுக்குச் சிரிப்பாக இருந்தது. தெரு முழுவதும் ஈரக் காற்று. "அவ்ளோதான், வெயில் வுட்டுச்சி. இனிமே எழுந்துப்பா எம் மருமவ" என்று அம்மா வானத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். என் மருமகள் என்று அவள் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அண்ணி மழையைப் பார்க்க வேண்டும் என்றாள். சுவரைப் பிடித்து எழுந்து வாசலுக்கு வந்தாள். நாலைந்து எட்டுதான். மழையில் கையை நீட்டினாள். நீட்டிய கை அப்படியே நின்றது. வாயைத் திறந்து திறந்து மூடினாள். உதடு சாம்பல் நிறமாகிவிட்டது. "மூச்சு... மூச்சு வரல" என்றபடி நிலைப்படியில் சரிந்தாள்.

அண்ணன் அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தான். அவன் முகம் இப்போதும் என் கண் முன்னால் இருக்கிறது. வெயில் எங்கும் இல்லை. சில்லென்ற காற்று. மழை. இருந்தும் அவளுக்கு மூச்சு வரவில்லை.

"வெயில் இல்லியேம்மா" என்றான் அம்மாவிடம். "வெயிலே இல்லியே. அப்பால இன்னாத்துக்கும்மா இவளுக்கு இப்பிடி ஆவுது?"

கரும்பு ஏற்றும் டிராக்டரில் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோனோம். நானும் ஏறிக்கொண்டேன், யாரும் தடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முதலில் செய்தது அண்ணியின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்ததுதான். அண்ணனை அருகே கூப்பிட்டுக் காட்டினார். உள்ளே சிவப்பே இல்லை. வேட்டித் துணிபோல் வெள்ளை.

"ஒடம்புல ரத்தமே இல்ல. எத்தன நாளா இப்படி இருக்காங்க?"

"வெயில் ஆவலன்னு நெனச்சேங்க" என்றான் அண்ணன். "ரூம குளிர வச்சிக்கினு இருந்தேங்க."

டாக்டரம்மா அவனைத் திட்டவில்லை. ஒரு கணம் அவனையே பார்த்தார். பிறகு வேக வேகமாக ஊசியும் பாட்டிலுமாக ஓடினார். ரத்தம் ஏற்ற வேண்டும், இங்கே அந்த வசதி இல்லை, பாண்டிச்சேரிக்கு அனுப்புகிறேன், வண்டி வருகிறது என்றார். அண்ணன் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, "எங்கிட்ட எடுத்துக்கோங்க. எவ்ளோ வேணுமோ எடுத்துக்கோங்க" என்று ஒவ்வொருவரிடமும் போய் நீட்டினான்.

வண்டி வருவதற்குள் அண்ணி கண்ணைத் திறந்தாள். "குளிருதுங்க" என்றாள்.

அண்ணன் தன் துண்டைப் போர்த்தினான். சட்டையைக் கழற்றிப் போர்த்தினான். அம்மா முந்தானையைக் கிழித்துக் காலில் சுற்றினாள். "இன்னும் குளிருது" என்றாள் அண்ணி. அண்ணன் அவள் உள்ளங்காலைத் தன் இரண்டு கையாலும் தேய்த்தான். தேய்த்துக்கொண்டே இருந்தான். டாக்டரம்மா வந்து அவன் தோளைத் தொட்ட பிறகும் அவன் தேய்த்துக்கொண்டுதான் இருந்தான். வயிற்றில் இருந்ததும் அவளோடு போயிற்று.

மறுநாள் மழை இருந்த சுவடு தெரியவில்லை. வெயில் பழையபடி கொளுத்தியது. அண்ணியை அந்த உள் அறையில்தான் கிடத்தியிருந்தார்கள். பஸ் டிரைவர் மூலம் சேதி சொல்லி அனுப்பி, உச்சி வேளையில் அவளுடைய அப்பா வந்தார். கூட ஊர்க்காரர்கள் சிலர். செருப்பில்லாத கால், தலையில் முண்டாசு. வெயிலில் நடந்து வந்து உள்ளே காலை வைத்தவர் அப்படியே நின்றார். பொந்தில் தொங்கிய ஈரக் கோணியைப் பார்த்தார். புடவை வானத்தைப் பார்த்தார். சுவரைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மகளின் தலைமாட்டில் உட்கார்ந்தார்.

"எங்க ஊரு மாதிரி கீது" என்றார். "இவளுக்கோசரமா செஞ்சீங்க மாப்ள?"

"பாத்துக்கிறேன்னு சொன்னீங்க. பாத்துக்கினீங்க. உங்க மேல கொற இல்ல."

அந்தச் சொல்தான் அண்ணனை உடைத்தது. "அய்யோ மாமா, அப்பிடிச் சொல்லாதீங்க" என்று தரையில் நெற்றியை வைத்துக்கொண்டான். "வெயில் ஒண்ணும் பண்ல மாமா. ரத்தம் இல்லாம பூட்டா. கண்ணு உள்ள வெள்ளையா இருந்திச்சி. தெனம் இந்த மொகத்ததான பாத்துக்கினு இருந்தேன்? ஒரு தரம் விரிச்சிப் பாக்கத் தெரிலியே. தண்ணி ஊத்திக்கினே இருந்துட்டேன் மாமா. தண்ணி ஊத்திக்கினே இருந்துட்டேன்."

அவர் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "மூச்சு வாங்குச்சா?" என்று கேட்டார்.

"ஆமாங்க" என்றாள் அம்மா.

"கால் வீங்குச்சா? மண்ணு தின்னாளா?"

அம்மா தலையை ஆட்டினாள்.

"இவ ஆத்தாளும் இப்பிடித்தான் பூட்டா" என்றார் அவர். "இவ சின்னதா இருந்தா அப்போ. அடுப்பு மண்ணப் பேத்துப் பேத்துத் தின்னுவா. நடந்தா மூச்சு வாங்கும். மலைக் குளிரு ஆவலன்னு நெனச்சோம். மார்கழி, தை ரெண்டு மாசமும் வூட்டுக்குள்ள கட்ட போட்டு எரிச்சிக்கினே இருந்தேன். காட்ல இருந்த வெறகெல்லாம் வெட்டியாந்து போட்டேன். அனலா வச்சிருந்தேன் மாப்ள அந்த வூட்ட."

அண்ணன் தரையிலேயே நகர்ந்து போய் அவர் மடியில் தலையை வைத்தான். அவ்வளவு பெரிய ஆள் அப்படிப் படுத்து அழுததை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. அம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

அவளை மலைக்கே கொண்டுபோய்ப் புதைத்தார்கள். அண்ணன் கூடப் போனான். காரியம் முடிந்து வருவான் என்று அம்மா காத்திருந்தாள். அவன் அங்கேயே தங்கிவிட்டான். மாமனாரோடு சாமை விதைத்தான். அவர் கண்மூடும்வரை அவருக்குப் பிள்ளையாக இருந்தான். வேறு கல்யாணம் பேச்சை எடுத்தவர்களிடம் கோபப்படாமல் எழுந்து போய்விடுவான்.

மலையில் அவனைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. கொஞ்சம் கழண்டவன் என்பார்கள். மூச்சு வாங்குகிற பெண் யாரைப் பார்த்தாலும், விறகுச் சுமையோடு போகிறவளாக இருந்தாலும் சரி, நிறுத்தி, "கண்ணக் காட்டும்மா" என்பானாம். வெளுத்திருந்தால் விடமாட்டான். புருஷனைத் தேடிப் பிடித்துச் சண்டை போட்டு, இரண்டு பேரையும் பஸ் ஏற்றிவிட்டுத்தான் வேறு வேலை பார்ப்பான். அடி வாங்கியும் இருக்கிறான். இன்னொருவன் பெண்டாட்டி முகத்தைத் தொட்டால் யார் சும்மா இருப்பார்கள்?

எனக்குக் கல்யாணமாகி, என் மகளை வயிற்றில் சுமந்துகொண்டு முதல் தடவையாக மலைக்கு அவனைப் பார்க்கப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் வா என்றுகூடச் சொல்லவில்லை. என்னை வெளிச்சத்துக்கு இழுத்து நிறுத்தி, கட்டைவிரலால் என் கீழ் இமையை இறக்கினான். ரொம்ப நேரம் பார்த்தான். ஒரு கண், பிறகு இன்னொரு கண், மறுபடியும் முதல் கண்.

"செவப்பாத்தான் கீது" என்றான். என் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, நான் முகத்தைப் பார்த்துவிடாதபடி முன்னால் நடந்தான்.